ஆள் கிளம்பியாச்சு

தூக்கத்தில் உளறுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். தூக்கத்தில் பொறுப்பாகப் பேசுகிறவர் அநேகமாக நம் ஆபரேட்டர் ஒருவர்தான். படுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், கண்ணைத் திறக்காமலேயே, செய்தி வாசிக்கிறவர் மாதிரித் தெளிவான குரலில், "நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்பார். கல்யாணமான புதிதில் மனைவி இதைக் கேட்டு உருகிப்போனாள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆறுதல் தனக்கில்லை, இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கிற, முன்பின் தெரியாத யாருக்கோ என்று.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில், அவசர அழைப்பு மேசையில் அவருக்கு வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மணி படம் போட்ட பொத்தானை அமுக்கினால், அது இவர் காதில் அடிக்கும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிறவரை, உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த மேசைக்கு இரண்டே மந்திரம். ஒன்று, "ஆள் கிளம்பியாச்சு". இன்னொன்று, "நான் இங்கதான் இருக்கேன்". நடுவில் வானிலை, விலைவாசி, பிள்ளைகள் படிப்பு, எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். பேச்சு மட்டும் நிற்கக் கூடாது. நின்றால், உள்ளே இருப்பவர் கயிறு அறுந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்.

பல வருடம் இப்படிப் பேசியே பிழைத்தவருக்குப் படிப்பு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் அந்த லைனில் வந்ததுதான். ஒருநாள் ஓர் அம்மாளின் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது. மெக்கானிக் "வெளிய வாங்கம்மா" என்று கூப்பிடுவது இவருக்கே கேட்கிறது. அந்த அம்மாள் மட்டும், "சார், லைனை வெச்சிடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமா?" என்றார். மாட்டிக்கொள்வதற்கு லிஃப்ட் தேவையில்லை என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது. மாலை வகுப்பில் மனநல ஆலோசனை முதுகலையில் சேர்ந்தார். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில் மகளோடு சேர்ந்து வீட்டுப்பாடம் எழுதினார். மகள், "அப்பா, உன் கையெழுத்தை முதல்ல திருத்து" என்று கண்டித்தாள்.

பரீட்சை எல்லாம் எப்படியோ தாண்டிவிட்டார். மிச்சம் இருந்தது பயிற்சிப் பணி. சம்பளமில்லாமல், ஓர் ஆலோசனை மையத்தில், பகல் நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராமல் பட்டம் கிடையாது. சம்பளம் தருகிற வேலையும் பகலில்தான். "அடுத்த வருஷம் செய்றேன்" என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டார். பல்கலைக்கழகமும் பெரிய மனது பண்ணி இரண்டு தடவை விட்டுக்கொடுத்தது. இந்தப் பருவத்தில் முடிக்காவிட்டால் படித்ததெல்லாம் தண்ணீரில் போட்ட உப்பு என்று இப்போது கறாராகச் சொல்லிவிட்டது.

அதனால் ராத்திரி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். ராத்திரி மேசை, காலையில் மையம், மத்தியானம் தூக்கம். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது திட்டம் கச்சிதமாக இருந்தது. மத்தியானம் என்பது மகள் பள்ளிவிட்டு வருகிற நேரம், பக்கத்து வீட்டில் சுவரில் ஆணி அடிக்கிற நேரம், கேஸ்காரன் மணி அடிக்கிற நேரம் என்பதைக் காகிதம் சொல்லவில்லை.

காலையில் அவரிடமிருந்து நாற்காலியை வாங்கிக்கொள்கிற பையனுக்கு 'ஜெனரேட்டர்' என்று பெயர். கரண்ட் போனாலும் வாய் ஓடும்.

"அண்ணே, நேத்து ராத்திரி ஒரு கஸ்டமர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"என்ன கேட்டேன்?"

"'அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டிருக்கீங்க. அந்த ஆள் காலையில ஃபோன் பண்ணிக் கத்துறாரு. 'எப்படி இருந்துச்சாவா? யோவ், மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல இருந்துச்சுய்யா'ங்கறாரு."

"பாடத்துல அப்படித்தான் கேக்கச் சொல்லியிருக்கு."

"அந்தப் பாடத்தை அங்கேயே வெச்சுட்டு வாங்கண்ணே. இங்க மெக்கானிக் எப்ப வருவான்னு சொன்னாப் போதும்."

அவரால் எதையும் எங்கேயும் வைத்துவிட்டு வர முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. அங்கே உள்ளது இங்கே வந்தது போல, இங்கே உள்ளது அங்கேயும் போனது.

மையம் ஓர் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜெராக்ஸ் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. லிஃப்டே தேவைப்படாத இடம் என்று முதல்நாள் சந்தோஷப்பட்டார். அவருக்கு மேற்பார்வை பார்க்கிறவர் அவரைவிடப் பல வருடம் இளையவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். இரண்டு பக்கமும் மரியாதை ததும்பி, கதவருகே 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க' என்று வெகுநேரம் நின்றிருக்கிறார்கள்.

அவரிடம் அனுப்பப்பட்டவர் ஒரு பஸ் ஓட்டுநர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச வருடம் பாக்கி. ஒருநாள் சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தாமல், உள்ளே பயணிகள் கத்தக் கத்த, ஊருக்கு வெளியே வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். குடிக்கவில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டால், "தெரியல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேசிவிட்டு வந்தால்தான் வண்டி என்று டிப்போவில் அனுப்பிவைத்துவிட்டார்கள். வாராவாரம் வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொள்வார். "ம்" என்பார். நேரம் முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போவார்.

அந்த அறையின் மௌனம் ஆபரேட்டருக்குத் தாங்கவில்லை. வானிலையில் ஆரம்பித்தார். டயர் விலைக்குப் போனார். தன் மகளின் கணக்கு மதிப்பெண் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். ஒரு வாரம் ஓட்டுநரின் கண் லேசாகக் கலங்கியதைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"பயப்படாதீங்க. ஆள் கிளம்பியாச்சு."

ஓட்டுநர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "யாரு?"

"... யாருமில்ல."

உரையாடல் எல்லாம், வருகிறவரின் சம்மதத்தோடு, பயிற்சிக்காகப் பதிவாகும். மேடம் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல முக்கால்வாசி நீங்கதான் பேசறீங்க. அவர் வாயைத் திறக்கிற சத்தம்கூடக் கேக்குது. அதுக்குள்ள நீங்க டயரோட உள்ள வந்துடறீங்க."

"காலியா விடக் கூடாதுன்னு வேலையில சொல்லிக் குடுத்திருக்காங்க மேடம்."

"இங்க காலியா விடறதுதான் சார் வேலை." மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். "பருவம் முடியப் போகுது. அவர் ஒரு தடவையாவது தானாப் பேசி, நீங்க கேட்டுட்டு இருந்ததை நான் பார்க்கணும். இல்லேன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. உங்க மேல மரியாதை இல்லாம சொல்லல."

"புரியுது மேடம்" என்றார். புரியாமல் என்ன? கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை.

அடுத்த வாரம், ஓட்டுநர் வருவதற்கு முந்தின ராத்திரி நகரத்தின் ஒரு பகுதியில் கரண்ட் போய்விட்டது. வரிசையாக லிஃப்டுகள் நின்றன. விடிகிறவரை ஒருவர் மாற்றி ஒருவரிடம் ஆள் கிளம்பியாச்சு என்று சொல்லிச் சொல்லி, தானே கிளம்பிவிடுவாரோ என்கிற நிலையில் மையத்துக்கு வந்துசேர்ந்தார். வெளியே மழை. அறையில் இதமான சூடு. அந்த அறை நாற்காலி வேறு ஒரு சதிகாரன். உட்கார்ந்தால் முதுகைத் தட்டிக் கொடுக்கும்.

இன்றைக்குச் செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டார். ஓட்டுநர் தொப்பியை முழங்காலில் மாட்டினார். இவர் வாயை மூடிக்கொண்டார். பேச்சு வந்துவிடாமல் இருக்கத் திரைச்சீலையில் இருந்த பூக்களை எண்ண ஆரம்பித்தார். பூக்கள் நல்ல பூக்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு...

நிமிர்ந்து பார்த்தால் ஓட்டுநர் எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். கண் சிவந்திருக்கிறது. மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

"வரேன் தம்பி. ரொம்ப நன்றி."

இதுவரை நன்றி என்ற வார்த்தை அந்த மனிதர் வாயில் வந்ததே இல்லை. ஆபரேட்டர் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முழுக்க முடிந்திருந்தது.

மறுநாள் மேடம் வாசலிலேயே காத்திருந்தார்.

"சார்! எப்படி சார்? நாலு வருஷமா மேற்பார்வை பண்றேன், இப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதே இல்ல. அவர் எல்லாத்தையும் சொல்றாரு. பாதியில நிறுத்தப் போறாரு, சரியா அந்த இடத்துல நீங்க மெதுவா, 'நான் இங்கதான் இருக்கேன்' அப்படீங்கறீங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு சார்."

ஆபரேட்டர் வாசல் மிதியடியில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

"நடுவுல பக்கத்து ரூம் ஜெராக்ஸ் மெஷின்தான் கொஞ்சம் கொறகொறன்னு தொந்தரவு பண்ணுச்சு. அதை விடுங்க. மதிப்பீட்டை அடுத்த வாரம் எழுதிடறேன்."

ஆபரேட்டர் சிரித்தார். என்ன சொல்வதென்று தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. மேடம் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உங்க குறட்டையை ஜெராக்ஸ் மெஷின்னாங்களா? இத்தனை வருஷமா நான் லாரின்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"சிரி, சிரி. கையெழுத்து கிடைச்சாச்சு."

"அவரு என்ன சொன்னாருங்க?"

"யாரு?"

"அந்த டிரைவர்."

ஆபரேட்டர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதில் மிகுந்த கவனம் காட்டினார். "பதிவு இருக்கே. போட்டுக் கேட்டுக்கிட்டாப் போச்சு."

அவள் சீப்பை எடுத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றிருந்தது. "அவரு உங்ககிட்ட சொன்னாரா, மெஷின்கிட்ட சொன்னாரா?"

கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். இவளை யார் மனநலம் படிக்க வைக்காமல் விட்டது என்று அவருக்குக் கோபமாக வந்தது. அன்று மத்தியானம் பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கவில்லை, கேஸ்காரன் வரவில்லை. இருந்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஓட்டுநர் மறுபடி வரவேண்டிய நாளன்று, மையத்துக்குப் போனதும் மேடத்தின் அறைக்குள் நுழைந்தார். இந்த முறை 'நீங்க முதல்ல' எல்லாம் இல்லை.

"மேடம், அது ஜெராக்ஸ் மெஷின் இல்ல."

மேடத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது. ஏமாந்த கோபம் பாதி, அழுதது வீணாய்ப்போன வெட்கம் பாதி.

"தூங்கிட்டா 'நான் இங்கதான் இருக்கேன்'னீங்க?"

"அது தானா வரும் மேடம். என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க."

மேடம் வெகுநேரம் பேசவில்லை. மௌனத்தில் அவர் கெட்டிக்காரர்.

"பதிவைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"நல்லது. கேக்காதீங்க. இன்னைக்கு அவர் வருவாரு. நீங்கதான் சொல்லணும்."

"எழுந்து போயிட்டாருன்னா?"

"போகலாம். அவருக்கு அந்த உரிமை இருக்கு." மேடம் மதிப்பீட்டுத் தாளை இழுப்பறைக்குள் வைத்தார். "போயிட்டா இதை நான் எழுத முடியாது சார்."

ஓட்டுநர் வந்தார். தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டார். முகத்தில் போன வாரம் இல்லாத ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆபரேட்டருக்கு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிடலாம் போல இருந்தது. லிஃப்டில் மாட்டியவரிடம் மெக்கானிக் வரமாட்டார் என்று சொல்ல நேர்ந்தால் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். போன வாரம் நீங்க பேசினப்ப நான் தூங்கிட்டேன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. ராத்திரி வேலை பார்த்துட்டு நேரா வந்தேன். அதைச் சாக்காச் சொல்லல. தப்பு தப்புதான்."

ஓட்டுநர் அவரையே பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"பஸ் ஓட்டுறவன் தம்பி நான். எவன் நெசமாத் தூங்குறான், எவன் டிக்கெட் எடுக்காம இருக்கத் தூங்குற மாதிரி நடிக்கிறான்னு திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். நீங்க நெசமாவே தூங்குனீங்க. நல்ல தூக்கம்."

"எழுப்பியிருக்கலாமேண்ணே!"

"எறங்குற எடம் வந்தாத்தானே எழுப்புவோம்?"

ஆபரேட்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஓட்டுநர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"முழிச்சிருக்கறவங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. மக பாக்குறா, டாக்டர் பாக்குறாரு, டிப்போவுல பாக்குறாங்க. நீங்களும் பார்த்தீங்க, கூடவே டயர் வெலைய வேற சொன்னீங்க. இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிப் பேசுவான்? நீங்க கண்ண மூடுனீங்க, எனக்கு வாய் தானாத் தொறந்துக்கிச்சு. ஒரு எடத்துல, போதும்டா நிறுத்திக்கலாம்னு பார்த்தேன். அப்பன்னு பார்த்து நீங்க தூக்கத்துலயே இங்கதான் இருக்கேன்னீங்க. தூக்கத்துல எவனும் பொய் சொல்ல மாட்டான். சரின்னு மேல சொன்னேன்."

ஆபரேட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார்.

"மறுபடி சொல்லணுமா?" என்றார் ஓட்டுநர்.

"உங்களுக்குத் தோணினா சொல்லுங்கண்ணே."

"முழிச்சிருப்பீங்களா?"

"முழிச்சிருப்பேன்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. மூஞ்சிய மட்டும் அந்தப் பக்கம் வெச்சுக்குங்க."

ஆபரேட்டர் எழுந்து தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓட்டுநரும் தன்னுடையதைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒருவர் பின்னால் ஒருவர். முன்னால் ஓட்டுநர், அவருக்குப் பின் இருக்கையில் ஆபரேட்டர். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் சைக்கிள் நிறுத்தமும், ஈரம் காயாத ஒரு சுவரும் தெரிந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆபரேட்டரின் நாக்கு நுனியில் வானிலை வந்து நின்றது. விழுங்கினார். டயர் வந்தது, அதையும் விழுங்கினார். "ஆள் கிளம்பியாச்சு" தொண்டைவரை வந்து கதவைத் தட்டியது. யாரும் கிளம்பவில்லை, யாரும் வரப்போவதில்லை, இந்த அறையில் இருப்பது இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார்.

"அவ போய் ஒரு வருஷம் ஆகப் போகுது" என்றார் ஓட்டுநர், ஜன்னலைப் பார்த்தபடி.

ஆபரேட்டர் அசையவில்லை.

"பகலெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஏறுவாங்க, எறங்குவாங்க, சண்டை போடுவாங்க. கடைசி நிறுத்தம் வந்தாத்தான் வெனை. எல்லாரும் எறங்கிப் போயிடுவாங்க. வண்டிய டிப்போவுல விட்டுட்டு நானும் வீட்டுக்குப் போகணும். பூட்டின வீடு. அவ இருந்தப்ப நான் சாவியே எடுத்துட்டுப் போனதில்ல தம்பி. இப்ப தெனமும் நானே தொறக்கணும். அன்னைக்குக் கடைசி நிறுத்தம் வருது. கால் பிரேக்குக்குப் போகமாட்டேங்குது. வண்டியில இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க. இவங்க இருக்கறவரைக்கும் நான் வேலையிலதானே இருக்கேன், வீட்டுக்குப் போக வேணாமேன்னு..."

நின்றுவிட்டார். அந்த இடம்தான் போன வாரம் நின்ற இடமாக இருக்கவேண்டும். அறையில் மழைநீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் ஆபரேட்டர். ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை. விழித்துக்கொண்டு சொல்வது இதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது.

ஓட்டுநர் மிச்சத்தையும் சொன்னார். சாவியைப் பற்றி, அடுப்படி விளக்கைப் பற்றி, பயணிகள் அன்று கத்திய கத்தலைப் பற்றி. கடைசியாகச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பயணி மட்டும் கத்தவே இல்லையாம். தூங்கிக்கொண்டிருந்தாராம்.

நேரம் முடிந்தது. ஓட்டுநர் எழுந்தார், நாற்காலியை முன்னிருந்தபடியே திருப்பி வைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"சரி. வீட்டுக்குப் போறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போல. கதவில் கைவைத்துக் கொஞ்சம் நின்றார். "மக சாயங்காலம் வரேன்னிருக்கா. சாவி ஒண்ணு அவகிட்டயும் குடுக்கலாம்னு பாக்குறேன்" என்றார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஆபரேட்டர் அந்தக் காலி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆள் கிளம்பியாச்சு" என்று மெல்லச் சொன்னார்.

பதிவுக் கருவியை அணைக்க மறந்துவிட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மேடம் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இழுப்பறை திறந்திருந்தது.

"சார், கடைசியில ஆள் கிளம்பியாச்சுன்னு ஒரு குரல் வருதே. அவர் போனப்புறம் யாருக்குச் சொன்னீங்க?"

ஆபரேட்டரிடம் அதற்குப் பதில் பல இருந்தன. நல்ல நல்ல பதில்கள். ஒன்றையும் எடுக்கவில்லை. மேடம் காத்திருந்தார். இவரும் காத்திருந்தார். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இந்தத் தடவை ஜெராக்ஸ் மெஷின் ஓடல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.